சைக்கிளால் விழுந்தவர்

ஜெயபுரத்தில் சைக்கிள் ஓடத் தெரியாத ஒரே ஆம்பிளை தங்கராசாதான். பூநகரிப் பக்கத்தில் பஸ்ஸை நம்பிச் செத்தவீட்டுக்குப் புறப்பட்டவர் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குத்தான் போய்ச் சேருவார். அப்படிப்பட்ட இடத்தில் மனுசன் நாற்பத்தெட்டு வயதுவரை நடந்தே திரிந்தார்.

வேலை நெல் ஆலையில். அங்கே மெஷினைச் சுழற்றும் பெல்ட்டுக்கு மறைப்பு இல்லை. மூன்று வருடத்துக்கு முன் அது அவருடைய வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பொலிஸ்காரர் எப்படி நடந்தது என்று கேட்டபோது முதலாளி முந்திக்கொண்டு, சைக்கிளால் விழுந்துவிட்டார் என்றார். தங்கராசாவும் தலையாட்டினார். பொலிஸ் கேட்டால் சிக்கலில்லாத பதிலைச் சொல்லிவிட்டு வீடு போய்ச் சேருவது வன்னியில் எல்லாருக்கும் பழகிப்போன விஷயம். ஆலையைப் பூட்டினால் பிழைப்பும் போய்விடும்.

பதில் நன்றாக வேலை செய்தபடியால் பின்னால் அந்தப் பெல்ட்டில் அடிபட்டவர்களும் அதையே சொன்னார்கள். முழங்கை, மணிக்கட்டு, தோள்மூட்டு, எல்லாம் சைக்கிள். ஆலைப் புத்தகத்தில் விபத்து வருடா வருடம் பூச்சியம். தங்கராசாவை வாசல் காவலுக்கு மாற்றி, பெல்ட்டடியில் நெல் கொட்ட அவர் மனைவி விமலேஸ்வரியை எடுத்தார்கள். முதலாளிக்கு அவ்வளவு பெரிய மனசு. மறைப்புப் போடச் சொல்லித் தங்கராசா நாலு தரம் கேட்டார். இங்கே யாருக்கு என்ன நடந்தது, புத்தகத்தைப் பாரும் என்று நாலு தரமும் பதில் வந்தது. உள்ளே பெல்ட் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிற நேரமெல்லாம் மனுசனுக்குச் சோறு இறங்காது.

இந்த வருடம் கிளிநொச்சியிலிருந்து கிருசாந்தன் என்ற வீதிப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். ஜெயபுரத்தில் சைக்கிள் விபத்து மூன்று மடங்கு கூடிவிட்டதாம். ஆலை முற்றத்திலேயே கருத்தரங்கு. காரணங்களையும் கண்டுபிடித்து வைத்திருந்தார்: மணல் ரோடு, தெருவில் திரியும் கட்டாக்காலி மாடு, கவனயீனம். உள்ளே பெல்ட் தடதடத்ததால் தொண்டை கிழியப் பேசினார். முடிவில், முதலில் விழுந்தவர் என்ற முறையில் தங்கராசாவுக்குப் புதுச் சைக்கிள் ஒன்று கொடுத்து, படம் எடுக்க ஒரு சுற்று ஓடச் சொன்னார்.

தங்கராசா ஹாண்டிலைப் பிடித்தபடி நின்றார். முதலாளி நிலத்தைப் பார்த்தார்.

"எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது, ஐயா. ஒருநாளும் ஓடினதில்லை."

கிருசாந்தன் அந்த மூன்று விரல்களையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார். தங்கராசா சைக்கிளை உள்ளே உருட்டிப்போய், மோட்டாரை நிறுத்தி, பெல்ட்டுக்கும் விமலேஸ்வரி நிற்கும் இடத்துக்கும் நடுவே குறுக்காக விட்டு, தூணோடு கம்பியால் இறுக்கிக் கட்டினார்.

"இனி இவவின்ரை கை அங்காலை போகாது," என்றார்.

முதலாளி சைக்கிளை அப்படியே விட்டுவிட்டார். அவிழ்க்கச் சொன்னால் ஏன் கட்டியது என்றும் சொல்லவேண்டி வரும்.

சைக்கிள் இன்னும் அங்கேதான் நிற்கிறது, காற்றுப் போய், தவிடு படிந்து. அதற்குப் பிறகு அந்த ஆலையில் யாரும் சைக்கிளால் விழவில்லை. கிருசாந்தனின் படிவத்தில் தெரு விபத்தை எழுத மட்டும்தான் இடம் இருந்தது. கருத்தரங்கு நல்ல பலன் தந்தது என்று எழுதி அனுப்பினார்.