ஆறு மொழியில் ‘வா’

பிரான்சில் வேலை கிடைத்திருக்கிறது என்று மகன் சொன்ன அன்று, “போறவன் போகட்டும், என்னைக் கேக்க வேண்டாம்” என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்தவன் நான். அடுத்த வாரமே போனில் பிரெஞ்சு சொல்லித்தரும் செயலியை இறக்கிக்கொண்டவனும் நான்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆரியசாலைக் கடைத்தெருவுக்குச் சாமான் வாங்கப் போகிற சாக்கில் காதில் மாட்டிக்கொண்டு படித்தேன். மகனுக்கும் எனக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. எதுவானாலும் அவன் அம்மாவிடம் சொல்வான், அவள் என்னிடம் சொல்வாள், நான் பேப்பருக்குப் பின்னாலிருந்து உம் கொட்டுவேன்.

மூன்றாம் பாடத்தில் ‘வா’ வந்தது. பிரெஞ்சில் அதற்கு ‘போ’ என்று பொருளாம். அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவனுக்குப் புத்தி சும்மா இருக்குமா? தோண்ட ஆரம்பித்தேன். நம் ‘வா’, வருவதிலிருந்து வந்தது. அவர்களுடையது லத்தீனில் போவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. சமஸ்கிருதத்தில் அது ‘அல்லது’. குறுக்கிச் சொன்னால் அரபியில் ‘மற்றும்’. மலையாளத்தில் வாய்க்கும் அதே பெயர். ஜப்பானியருக்கோ அது இணக்கம். எங்கள் வீட்டில் அப்போது இல்லாதிருந்த ஒரே சரக்கு.

புறப்படுகிற நாள் காலையில் மூவரும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு விமான நிலையம் போனோம். காரில் என் மனைவி மட்டும் பேசினாள்.

எங்கள் வீடுகளில் கிளம்புகிறவர் ‘போறேன்’ என்று சொல்வதில்லை. ‘போயிட்டு வரேன்’ என்பார். பெரியவர்கள் ‘போயிட்டு வா’ என்று சொன்ன பிறகுதான் காலை எடுத்து வைப்பார். சண்டை போட்டவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாவது அதைச் சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் விட்டால் திரும்பி வரவேண்டாம் என்றுதான் அர்த்தம்.

விமான நிலைய வாசலில் மகன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டு எழுந்தான்.

“அப்பா, போயிட்டு வரேன்.”

இரண்டு மாதத்தில் அவன் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அதை மறைக்க ஏதாவது பேசியாக வேண்டும்.

“இந்த ‘வா’ இருக்கே, நீ போற ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமோ?” என்று ஆரம்பித்துவிட்டேன்.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் லத்தீனுக்குப் போனேன். அங்கிருந்து அரபிக்கு. பின்னால் அட்டைப் பெட்டிகளோடு நின்ற ஒருவர் வழிவிடச் சொல்லி மலையாளத்தில், “சாரே, ஒண்ணு மாறித் தருமோ?” என்றார். ஒதுங்கி நின்று ஜப்பானைத் தொடர்ந்தேன். காவலர் டிக்கெட்டைக் காட்டச் சொல்லிக் கை நீட்டினார். “சரிப்பா” என்று சொல்லிவிட்டு மகன் உள்ளே போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “கொழந்தை உங்க வாயால ஒண்ணு கேக்கத்தானே நின்னுண்டிருந்தான்! பிரசங்கம் கேக்கவாக்கும் நின்னான்?”

“நல்ல விஷயம்தானே சொன்னேன்” என்று முனகினேன். எனக்கே கேவலமாக இருந்தது.

மத்தியானம் சாதத்தைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். நான் கையைக் கழுவிவிட்டுப் போனை எடுத்தேன். குரல் செய்தி பதிவு செய்தேன், அழித்தேன். ஒரு தடவை இருமல் வந்தது. ஒரு தடவை ‘போயிட்டு’ வரைக்கும் போய் நின்றுவிட்டது. எத்தனை தடவை என்று ஞாபகமில்லை. கடைசியில் ஒரு வழியாக, “போயிட்டு வாடா” என்று சொல்லி அனுப்பினேன்.

அவன் தோஹாவில் இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்திருந்த நேரம். பதில் எழுத்தில் வந்தது.

“அம்மா சொல்லச் சொன்னாளா?”

“இல்லடா. நானேதான்.”

உடனே போன் அடித்தது. சமையலறையில் கிடந்த அவள் போன் இல்லை, என்னுடையது. எடுத்துக் காதில் வைத்தேன். “அப்பா... அப்பா, கேக்கறதா?” என்று அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். எனக்கு ஒரு மொழியிலும் பேச வரவில்லை.