கண்ணாடியை உடைத்த அப்பா

மகள் எடுத்த சினிமாப் படத்தை ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடும்போது, தன் சலூனில் முகச்சவரம் செய்துகொள்ள ஆள் குறையும் என்று சலூன்காரர் கனவிலும் நினைக்கவில்லை. நியாயமாகக் கூட்டம் கூடியிருக்க வேண்டும். கூடவும் செய்தது, வேடிக்கை பார்க்க. முடி வெட்டிக்கொள்வார்கள், சவரம் என்றதும் வீட்டிலேயே பண்ணிக்கொள்கிறோம் என்று நழுவிவிடுவார்கள். கத்தி பிடித்த அவர் கையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே காசு கொடுப்பார்கள்.

காரணம் படத்தில் இருந்தது. அதிலும் ஒரு சலூன், ஒரு அப்பா, வரைவதில் பைத்தியமாக இருக்கும் ஒரு சின்னப் பெண். அவள் சவர நுரையை விரலால் தொட்டுக் கடைக் கண்ணாடியில் படம் வரைகிறாள். அப்பன்காரன் ஒருநாள் வெறி வந்தவன்போல் நாற்காலியைத் தூக்கி அந்தக் கண்ணாடியைச் சுக்குநூறாக உடைக்கிறான். அந்த ஒரு காட்சிக்கே விமர்சகர்கள் ஆகா ஓகோ என்று எழுதித் தள்ளினார்கள்.

பக்கத்து மருந்துக்கடைக்காரருக்கு வியாபாரத்தைவிட வாசிப்பில் அக்கறை அதிகம். தினமும் ஒரு விமர்சனத்தோடு வந்து, சவரம் செய்துகொள்ளாமல், சுழல் நாற்காலியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். ஒரு குழந்தையின் கலையைக் கொன்ற கை என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த அப்பாவைப் பார்த்ததிலிருந்து தூக்கமே போய்விட்டது என்று இன்னொருவர். தூக்கம் போனதை இவ்வளவு சந்தோஷமாகவும் ஒரு மனிதரால் எழுத முடியும் என்பது சலூன்காரருக்கு அன்றுதான் தெரிந்தது. படித்து முடித்த மருந்துக்கடைக்காரர் நாசூக்காகக் கேட்டார்.

"எந்தக் கண்ணாடிண்ணே? இதா, இதுக்கு முன்னாடி இருந்ததா?"

சலூன்காரர் திருதிருவென விழித்தார். அவருக்குத் தெரிந்து எந்தக் கண்ணாடியையும் அவர் உடைத்ததில்லை. மகள் நுரையில் வரைந்தது மட்டும் நிஜம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவளுக்கு அதுதான் வேலை. ஆனால் இத்தனை படித்தவர்கள் பார்த்து அழுதிருக்கிறார்களே, ஒன்றுமே இல்லாமலா?

வீட்டில் மனைவியிடம் விசாரித்தார். அந்த அம்மாளுக்குப் படத்தில் பங்கு நன்றாகவே அமைந்துவிட்டது. படத்து அம்மா ஓடாய்த் தேய்ந்து மகளைப் படிக்க வைக்கிறாள், தியேட்டரில் எல்லோரும் அவளுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அதனால் இவள் யார் பக்கமும் சாயாமல், "உடைச்சதா எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா நீங்க கோவக்காரர்தான்" என்றாள்.

இது போதாதா? மனிதர் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தார். கடையை இடம் மாற்றியபோது ஒரு கண்ணாடி உடைந்தது உண்மை. வண்டியில் ஏற்றும்போது உடைந்தது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். இப்போது யோசித்தால் அந்த வண்டியே ஞாபகத்துக்கு வரவில்லை, படத்தில் பறந்த நாற்காலிதான் பளிச்சென்று வந்தது. ஆள் குறைந்தது பெரிய விஷயமில்லை. மகள் இவ்வளவு காலமும் தன்னை அப்படித்தான் மனசில் வைத்திருந்தாளா என்பதுதான் அவரை அரித்தது. போன் பண்ணும்போதெல்லாம் சாப்பிட்டீர்களா என்று கேட்டாளே, அந்த ஆளிடமா கேட்டாள்? உடைத்திருந்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும், உடைக்காவிட்டாலும் கேட்டு வைப்பதில் தப்பில்லை என்று முடிவுகட்டினார்.

படத்துக்கு விருது வாங்கிய கையோடு மகள் ஊருக்கு வந்தாள். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கடைக்கு வந்தாள். உச்சி வெயில், கடையில் யாரும் இல்லை. சலூன்காரர் சீப்புகளை அடுக்கினார், அடுக்கியதைக் கலைத்தார், மென்று முழுங்கிக் கடைசியில் சொல்லிவிட்டார்.

"கண்ணாடிய உடைச்சது தப்புதாம்மா. ஏதோ கோவத்துல பண்ணிருப்பேன். மனசுல வச்சுக்காத."

மகளுக்கு முதலில் எதுவும் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள்.

"அப்பா, அது கதை. நீங்க எங்க உடைச்சீங்க? கடை நம்ம கடை, ஆளு நீங்க இல்ல."

மனிதருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இதை ஊர் முழுக்கச் சொல்ல வேண்டும், முதல் காரியமாக மருந்துக்கடைக்காரரிடம் சொல்ல வேண்டும் என்று துடித்தார். அந்தச் சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்ப படத்துல நான் எங்கம்மா இருக்கேன்?"

அவள் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள். அவரையும் எழுதிப் பார்த்தாளாம், திரும்பத் திரும்ப எழுதினாளாம். நிஜ அப்பாவை வைத்தால் அந்தக் காட்சியில் ஒன்றுமே நடக்கவில்லையாம். பெண் வரைகிறாள், ஒருவர் வந்து உட்காருகிறார், அப்பா துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கிறார், அவ்வளவுதான். மறுநாளும் அதே. எங்கே வலிக்கிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியவில்லை, அதனால்தான் உடைக்கிற ஆளைப் போட்டாளாம்.

ஆள் உட்கார்ந்தால் முகம் தெரிய வேண்டாமா, துடைக்கத்தானே வேண்டும் என்றார் அவர்.

"துடைக்கணும்தான். அதத் தப்புன்னு நான் சொல்லல" என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "துடைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது பாத்தீங்களாப்பா?"

பார்த்தேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். செய்யாததையே செய்ததாக நம்பியவருக்கு இது பெரிய காரியமா? நுரையில் வரைந்த படங்கள் வரிசையாக அவர் கண்ணுக்குள் வரத்தான் செய்தன. ஆனால் அவை இந்தக் கண்ணாடியில் பார்த்தவையா, தியேட்டரில் பார்த்தவையா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"தெரியலம்மா" என்றார்.