ஒரு பாகை கூட

பல்கனிக் கதவை அரையடி திறந்து, சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு, யூஜினி அக்கா வலக்கையை வெளியே நீட்டுகிறார். உள்ளங்கையை ஒருமுறை மேலே திருப்புகிறார், ஒருமுறை கீழே. பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கணினிக்கு முன்னால் போய் உட்காருகிறார்.

"இண்டைக்கு இருபத்தியொண்டு," என்கிறார். வானொலி இப்போதுதான் இன்றைய வெப்பம் இருபது பாகை என்று சொல்லி முடித்திருக்கிறது.

வெப்பநிலையை அளக்கும் கருவி விமானநிலையத்தில் இருக்கிறது. ரொறன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியின் இந்தப் பல்கனிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அது அவருக்கும் தெரியும். "அந்த மெசினுக்கு என்ரை கையைத் தெரியுமே? நான் சும்மா ஒரு மரியாதைக்குப் பாக்கிறன்."

நான் எதிர்வீடு. காலையில் தேநீருக்கு அங்கே போவது பழகிவிட்டதால் இந்த விளையாட்டும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. இணையத்தில் ஒரு சந்தை. இன்றைக்கு ரொறன்ரோவின் உச்ச வெப்பநிலை இருபதைத் தாண்டுமா? தாண்டும் என்று ஒரு சீட்டு, தாண்டாது என்று ஒரு சீட்டு. நம்புகிறவர்கள் கூடினால் சீட்டின் விலை ஏறும், குறைந்தால் இறங்கும். பலித்தால் ஒரு டொலர், பிழைத்தால் ஒன்றுமில்லை. மேல்தளத்தில் இருந்துகொண்டு ஊராருக்கு வருமானவரிப் பத்திரம் நிரப்பிக் கொடுக்கும் சண்முகநாதன்தான் இதை அக்காவுக்குப் பழக்கியவர். அவர் காற்று, முகில், ஏரி எல்லாம் பார்த்து ஆடுவார், பெரும்பாலும் வெல்வார். யூஜினி அக்கா ஒன்றையும் பார்ப்பதில்லை. அறிவிப்பாளர் என்ன சொன்னாலும் அதைவிட ஒரு பாகை கூட. பெரும்பாலும் தோற்பார்.

"இண்டைக்கும் தோத்துப்போனியளா அக்கா?"

"நானோ? வெயில் தோத்துப்போச்சு."

பகல் முழுவதும் அவருக்கு முதியோர் இல்லமொன்றின் சலவை அறையில் வேலை. உலர்த்தும் இயந்திரங்களுக்கு முன்னால் நின்று வியர்த்துவிட்டு, திரும்பிவந்து ஊர் போதியளவு சூடாகவில்லை என்று குறைப்படுகிற ஒரே மனுசி அவராகத்தான் இருக்கவேண்டும். மற்றவர்கள் கோப்பிக்குக் கொடுக்கும் காசு இவரிடம் சீட்டாகிறது. தேநீரை வீட்டிலிருந்தே கொண்டுபோய்விடுவார். "வந்த முதல் வின்ரரிலை காது மடல் விறைச்சுப் போச்சு. அண்டைக்கே சொல்லிப்போட்டன், இந்த ஊரோடை எனக்குச் சரிவராது, நான் சண்டைதான் பிடிப்பன் எண்டு."

இந்த வருடம் சண்டை வேறு இடத்துக்குப் போனது. அவருடைய தங்கை றீற்றா யுத்தம் நடந்த வன்னியில். கணவரை எறிகணைச் செல்லடியில் இழந்து, இரண்டு பெண்பிள்ளைகளோடு கடற்கரைப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தாள். மாசியில் ஒரு தடவை தொலைபேசியில் கதைத்தாள். அதற்குப் பிறகு குரல் இல்லை. யூஜினி அக்கா வேலை முடிந்து நேரே அமெரிக்கத் துணைத்தூதரகத்துக்கு முன்னால் போய், யுத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கூடிய சனத்தோடு நின்று கத்திவிட்டு, குரல் கட்டி, நனைந்த சப்பாத்தோடு வீட்டுக்கு வருவார். காலையில் கையை வெளியே நீட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

"அங்கை சனம் செத்துக்கொண்டிருக்கு, உவ இஞ்சை சூதாடுறா," என்று லிஃப்டில் ஒரு பெண் அவர் காதுபடவே சொன்னாள்.

"ஓம், ஆடுறன். நீங்கள் நாடகம் பாக்கிறதை விட்டிட்டியளோ?" என்று கேட்டுவிட்டுத் தன் தளத்தில் இறங்கிப் போனார்.

சித்திரைக் கடைசியில் சண்முகநாதன் வந்து வாசலிலேயே நின்றார்.

"அக்கா, ஒரு விசயம். சொல்லாமல் விடவும் மனம் கேக்கேல்லை."

வெப்பநிலை விற்கும் அதே இணையத்தளத்தில் புதிதாக ஒரு கேள்வி போட்டிருந்தார்கள். இலங்கையில் யுத்தம் வைகாசிக்குள் முடிந்துவிடுமா? முடியும், முடியாது என்று இரண்டு சீட்டு. யூஜினி அக்கா திரையில் விரலை வைத்துச் சொல் சொல்லாக வாசித்தார்.

"எங்கடை யுத்தமோ?"

"ஓம் அக்கா."

"இதுக்கும் விலையோ?"

"அவங்கள் எல்லாத்துக்கும் போடுவங்கள். 'முடியாது' எண்டதை ஒருத்தரும் வாங்கிறேல்லை. கொஞ்சச் சதத்துக்கு வந்திட்டுது."

"ஒருத்தரும் வாங்காட்டி?"

"பூச்சியமாப் போயிடும்."

"அப்ப அதை வாங்கு."

சண்முகநாதன் திகைத்துப் போனார். "அக்கா, யுத்தம் நிக்கவேணும் எண்டுதானே நாங்கள் ரோட்டிலை நிண்டு கத்துறம்? நீங்கள் முடியாது எண்டதை வாங்கிறியளே?"

"நிப்பாட்டுறது வேறை, முடிக்கிறது வேறை," என்றார் யூஜினி அக்கா. "நான் கத்துறது நிப்பாட்டச் சொல்லி. உவங்கள் விக்கிறது முடிக்கிறதை. அதுக்குள்ளை றீற்றா நிக்கிறாள். நான் இருக்குமட்டும் அது பூச்சியத்துக்கு வராது. வாங்கு."

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் வெயிலுக்கு ஒரு சீட்டு, 'முடியாது' என்பதற்கு ஒரு சீட்டு. விலை சரியச் சரிய அவரிடம் சீட்டுகள் கூடின. தோற்கப்போகிறோம் என்பது தெரிந்தே வாங்கினார். யுத்தத்தை நிறுத்தச் சொல்லி எல்லோருமாக நெடுஞ்சாலையில் ஏறி வாகனங்களை மறித்த நாளிலும், ஏறுவதற்கு முன்பு வாங்கிவிட்டுத்தான் போனார்.

வைகாசி நடுவில் யுத்தம் முடிந்ததாக அறிவித்துவிட்டார்கள். தளத்தில் அந்தக் கேள்விக்குக் கீழே பச்சை நிறத்தில் 'முடிந்தது' என்று விழுந்தது. அடியில் சின்னதாக, முடிவில் ஆட்சேபனை இருந்தால் எழுதலாம் என்று ஒரு கட்டம். யூஜினி அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார். சண்முகநாதனும் வந்தார்.

"அது வெப்பநிலையைப் பிழையாப் பதிஞ்சால் முறையிடுறதுக்கு அக்கா," என்றார் அவர்.

"இதுவும் பிழையாத்தான் பதிஞ்சு கிடக்கு. பிள்ளை, நீ இங்கிலீசிலை எழுது. என்ரை தங்கச்சி றீற்றாவைக் காணேல்லை. அவளின்ரை ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளையும் காணேல்லை. முடிஞ்சுது எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

எழுதி அனுப்பினேன். மறுநாள் மரியாதையான ஒரு பதில் வந்தது: செய்தி நிறுவனங்களின் அறிவிப்பை வைத்தே தீர்மானிக்கிறோம், முடிவு இறுதியானது. அவர் மறுபடி எழுதச் சொன்னார். அதே பதில் வந்தது. மறுபடியும் எழுதினோம். இடையில் சண்முகநாதன் ஒருநாள், "கணக்கை மூடிப்போடுவங்கள் அக்கா," என்று எச்சரித்தார். "மூடட்டும். மூடுறதுக்கு முதல் வாசிக்கத்தானே வேணும்," என்றார் யூஜினி அக்கா.

ஆடியில் ரொறன்ரோவில் வெயில் சரியாக எரிக்கவே இல்லை. அவர் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தார். அப்படியொரு காலையில், இடம்பெயர்ந்தவர்களை அடைத்துவைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து யாருடையதோ தொலைபேசியில் றீற்றாவின் மூத்த மகள் கதைத்தாள். தான் தப்பிவிட்டதாகச் சொன்னாள். கடல்நீரேரியைக் கடக்கும்போது அம்மாவும் தங்கச்சியும் சனத்துக்குள் பிரிந்துபோனார்கள், அதற்குப் பிறகு காணவில்லை என்றாள். தொடர்பு அறுந்தது. ரிசீவரை வைத்துவிட்டு யூஜினி அக்கா குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

"எழுது பிள்ளை," என்றார். "மூத்தவள் கிடைச்சிட்டாள். ரெண்டு பேர் இன்னும் வரேல்லை. உங்கடை முடிவைத் திருத்துங்கோ."

எழுதி முடித்து, அனுப்புவதற்காக விரலைக் கொண்டுபோனேன். யூஜினி அக்கா என் கையை மணிக்கட்டில் பிடித்து மெதுவாக ஒதுக்கி வைத்துவிட்டு, எழுந்து நின்று, தன் விரலாலேயே அழுத்தினார்.