முதலில் வரும் எண்ணெய்

தாராவியை ஒட்டிய துணைமின் நிலையத்தில் ஒரு பெரிய டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது. அதன் உடல்நிலையைப் பார்த்துச் சொல்வது என் வேலை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கிழடு எப்போதும்போல உறுமிக்கொண்டிருக்கும். உள்ளே பொறி தெறித்தால் அதிலுள்ள எண்ணெய் சிதைந்து வாயு உண்டாகும். கொஞ்சம் எண்ணெயை ஊசிக்குழலில் பிடித்து லேபில் கொடுத்தால், எந்த வாயு என்பதை வைத்து உள்ளே நடப்பதைச் சொல்லிவிடலாம். அசெட்டிலீன் ஏறியிருந்தால் வயிற்றில் நெருப்பு என்று அர்த்தம்.

அம்மா போனபின் செம்பூர் வீட்டில் நான் மட்டும்தான். முன்பு மாட்டுங்காவில் குடியிருந்தவரை யாராவது கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். இங்கே கூரியர்காரன்கூடக் கீழே வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். அரைமணி தூரத்திலிருக்கும் சான்பாடாவிலிருந்து தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் ஒப்புக்குப் போன் செய்வான்.

"எல்லாம் ஓகேதானே?" என்பான். பதிலையும் அவனே சொல்லிக் கொடுத்துவிடுவதால் எனக்குச் சிரமமில்லை.

"நன்னா இருக்கேன்டா."

போனை வைத்ததும் கோபம் வரும். குக்கரில் ஒரு ஆளுக்கு அரிசி களையும்போது அழுகையும் வரும். சொல்லி அழ ஆளில்லை.

அன்று எண்ணெய் எடுக்கப் போனபோது ஆபரேட்டர் வழக்கம்போல வாளியோடு வந்தார். தாராவியில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர். வால்வைத் திறந்தேன். முதலில் வருவது குழாயிலேயே தேங்கிக் கிடந்த எண்ணெய். உள்ளே இருப்பது அதில் தெரியாது. அதை வாளியில் விட்டுவிட்டு, பிறகு வருவதைத்தான் குமிழி புகாமல் பிடிக்கவேண்டும். அவசரப்பட்டு முதல் எண்ணெயைப் பிடித்து, சாகக் கிடந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு நற்சான்று கொடுத்த புண்ணியவான்கள் எங்கள் தொழிலில் உண்டு.

ஊசிக்குழலை மூடிப் பெட்டியில் வைத்தேன்.

"என்ன மேடம், எப்பவும் என்னைய ஏசிக்கிட்டேதான வேல பாப்பீங்க? இன்னைக்குச் சத்தத்தையே காணோம். நல்லாருக்கீங்களா?"

"நன்னா இருக்கேன்."

அவர் நகரவில்லை. கையிலிருந்த வாளியைப் பார்த்தார்.

"மொதல்ல வாரத இதுல விட்ருவீங்கல்லா? விட்டாச்சு. இப்ப சொல்லுங்க."

சிரிக்கத்தான் நினைத்தேன்.

"வீட்டுக்குப் போகவே பிடிக்கலை," என்றேன்.