பனிமேல் விழுந்த விதை

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். போன மார்ச் மாதம், விஸ்கான்சினின் வடகோடியில், எங்கள் சொந்த நிலத்தில் எனக்கு நடந்தது இது. ஒரு சொல்லும் கூட்டவில்லை.

இலையுதிர் காலத்தில் என் கணவர் ஆர்வோ, குளத்தை ஒட்டியிருந்த காட்டில் அரை ஏக்கர் மரங்களை வெட்டி வெளியாக்கினார். அங்கே மான்களுக்குக் குளோவர் என்ற தீவனச் செடியை விதைக்க வேண்டும், நவம்பர் வேட்டைவரை அவை எங்கள் பக்கமே தங்க வேண்டும் என்பது அவர் ஆசை. காட்டு மண்ணின் புளிப்பு போகச் சுண்ணாம்பும் இறைத்தார். ஜனவரியில் மாரடைப்பில் போய்விட்டார். விதைமூட்டை கொட்டகையிலேயே கிடந்தது.

குளோவரை உழுது புதைத்தால் முளைக்காது. குளிர் விடைபெறும் சமயத்தில் மெல்லிய பனிமேல் தூவ வேண்டும். இரவில் மண் உறைந்து வெடிக்கும், பகலில் இளகும். அந்த அசைவில் விதை தானே உள்ளே இறங்கும். அந்த வாரம் தவறினால் அந்தப் பருவமே போயிற்று. விதைக்காமல் விட்டால் அவர் இன்னொரு முறை சாவார் என்று எனக்குத் தோன்றியது.

விடியும் முன்பே போனோம்.

"மானுக்குச் சோறு போட இந்தக் குளிர்ல எந்திரிச்ச மகராசி நீங்க ஒருத்திதான் அண்ணி," என்றான் கொழுந்தன் ரெய்னோ. முட்டிவலிக்காரன். வண்டியை விட்டு இறங்கவில்லை.

"பேசுற நேரத்துக்கு நீயும் ரெண்டு கை தூவலாம்."

"சோறு போட்டு, அப்புறம் சுடப்போறதும் நாமதான. நல்ல விருந்துதான் போங்க!"

விதைப்பையைக் கழுத்தில் மாட்டி, அதன் அடியில் இருந்த தூவுசக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு அடிக்கட்டைகளுக்கு நடுவே நடந்தேன். கர்ர்... கர்ர்... வெள்ளைப் பனியில் பொடிப்பொடியாக விதை. என் கை பழகாத கை. ஓரிடத்தில் குவியல், ஓரிடத்தில் வெறுமை.

பாதி நிலம் முடிந்திருக்கும். மூச்சு வாங்க நின்றேன்.

கர்ர்.

என் கை நின்ற பிறகும் ஒரு சுற்று கேட்டது.

எதிரொலி என்று நினைத்து மறுபடி சுற்றினேன். நிறுத்தினேன்.

கர்ர்... கர்ர்...

இப்போது இரண்டு.

சத்தம் வந்த பக்கம் பார்த்தேன். நான் இன்னும் போகாத வரிசையில் விதை கிடந்தது. சீராக, கோலப்பொடி தூவியதுபோல. ஆர்வோவின் கைவாகு அதுதான். ஆனால் பனியில் காலடி இல்லை. ஒன்றுகூட இல்லை.

"ஆர்வோ?"

சத்தம் முன்னால் நகர்ந்தது.

எனக்குப் பயம் வரவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. இரண்டு மாதமாக வீட்டில் கேட்காத அவர் இருப்பு, அந்தக் கரகரப்பில் இருந்தது. பின்தொடர்ந்தேன்.

வெட்டிய நிலம் முடிந்தது.

சத்தம் நிற்கவில்லை.

விதைத் தடம் மரங்களுக்குள் போனது. வெயில் படாத இடம். அங்கே எதுவும் முளைக்காது...

பிறகு குளம்.

உறைந்த குளத்தின்மேல் விதை. சீராக... உள்ளே, நடுவரைக்கும்...

கர்ர்...

ஒரு காலை வைத்தேன்.

பனிக்கட்டி முனகியது.

இன்னொரு அடி...

பின்னால் வண்டியின் ஹாரன் அலறியது. விடாமல், ஒரே மூச்சாக. திடுக்கிட்டேன். பனிக்கட்டி உடைந்து கால் உள்ளே போனது. முழங்கால்வரை தண்ணீர். எப்படியோ கரைக்குத் தவழ்ந்தேன். ரெய்னோ நொண்டிக்கொண்டு ஓடி வந்து என்னைத் தூக்கினான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

மே மாதம் குளோவர் முளைத்தது. முதல் மான்கள் வந்த மாலையில்தான் அவன் அன்றைக்கு நடந்ததைச் சொன்னான்.

"அண்ணி, அன்னிக்கு நானா ஹாரன் அடிக்கல. அண்ணன் அடிக்கச் சொல்லி கையக் காட்டினாரு."

"குளத்து மேல நின்னுக்கிட்டா?"

"இல்ல. உங்க முதுகுக்குப் பின்னாடி. ஒரு கையால உங்க கோட்டைப் புடிச்சுப் பின்னால இழுத்துக்கிட்டே இருந்தாரு. நீங்க திரும்பவே இல்ல."

"அப்ப... முன்னாடி போனது?"

ரெய்னோ மான்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அதைக் கேக்காதீங்க அண்ணி. அது எங்கண்ணன் இல்ல."

முன்னால் போனது எதுவாகவும் இருக்கட்டும். அவர் என் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருக்கிறார். நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.