நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு நெஞ்சு

இன்னொரு மனிதரின் நெஞ்சை ஏழு வாரம் நான் பக்க அடையாளமாக வைத்திருந்தேன். இதை எழுதும் துணிச்சல் வர எனக்குப் பதினைந்து வருடம் பிடித்திருக்கிறது.

புத்தகம் தலையணை அளவு நாவல். எழுபதுகளில் அதை வாங்கியது படிக்க அல்ல, சிங்கப்பூரின் தோ பாயோவிலிருந்து வேலைக்குப் போகும் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார. எப்படியோ நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்வரை போய்விட்டேன். அங்கே கதாநாயகனுக்குச் சளி பிடித்தது, எனக்குத் தூக்கம் வந்தது. அன்று தபாலில் வந்த ஒரு காக்கி உறையைப் பிரிக்காமலே செருகி மூடி வைத்தேன். உறையின் மேல் இருந்த பெயர் என்னுடையது அல்ல. முகவரி மட்டும்தான் என்னுடையது.

பெயருக்குரியவர் தேக்காவில் நான் ஞாயிறுதோறும் சாமான் வாங்கும் மளிகைக் கடையில் வெங்காய மூட்டை இறக்குபவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் அலுவலகத்தில் எனக்கு ஒரு மேசை இருந்த காரணத்தால் மரியாதையோடுதான் பேசுவார். முன்பு கம்பம் என்கிற பழைய குடிசைப் பகுதியில் ஒரு வீட்டில், சமையற்கட்டை ஒட்டிய மூலையில் குடியிருந்தார். கம்பத்தை இடித்தபோது வீட்டுக்காரக் குடும்பத்துக்கு அடுக்குமாடியில் வீடு கிடைத்தது. மூலையில் இருந்தவருக்கு மாற்று மூலை கேட்டு நிரப்ப எந்தப் படிவமும் இல்லை. மனைவி மக்கள் ஊரில். இங்கே அவர் ஒண்டிக்கட்டை.

அடையாள அட்டையான ஐசியில் போட ஒரு முகவரி வேண்டுமென்று என்னிடம் கேட்டார். "பேருக்குத்தான் தம்பி. நான் வந்து தங்கிட மாட்டேன்."

சொன்ன சொல் தவறவில்லை. தீபாவளிக்குக் கூப்பிட்டால்கூட வாசலுக்கு வெளியே நின்று முறுக்கை வாங்கிக்கொண்டு போய்விடுவார். காகிதத்தின்படி மட்டும் அவர் எங்கள் வீட்டில் குடியிருந்தார்.

உண்மையில் அவர் படுத்தது கடைக்குப் பின்சந்தில் ஒரு மேல்மாடியில். ஊர்க் கடிதம் கொடுக்க ஒரு முறை ஏறிப் போனேன். பலகைத் தடுப்புகள், இரண்டடுக்குக் கட்டில்கள். ஒரே ஜன்னல், அதையும் மறைத்து ஒரு கட்டில். அவர் படுக்கையில் இரவு அவர், பகலில் ஜாகா வேலை முடித்து வரும் ஒரு காவலாளி. ஒருவர் எழுந்த சூட்டிலேயே அடுத்தவர் படுப்பார். அந்தத் தலையணை ஆறியதே இல்லை என்று நினைக்கிறேன்.

"எத்தன பேருண்ணே இங்க இருக்கீங்க?"

"எண்ணிப் பாத்தா மூச்சு முட்டும் தம்பி. அதான் எண்றதில்ல."

கட்டிலுக்கு அடியில் மூடி போட்ட பால் டின் ஒன்று இருந்தது. அதை எதற்கென்று நான் கேட்கவில்லை. அவர் இருமினார். "வெங்காயத் தூசுண்ணே, ஒண்ணும் செய்யாது" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். வார இதழ்களின் மருத்துவக் குறிப்புகளை விடாமல் படித்து வந்தவன் நான்.

இருமல் தொடர்ந்ததால் கடைக்காரர் விரட்டி, ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். ஏதாவது இருந்தால் கடிதம் வரும், வராவிட்டால் ஒன்றுமில்லை என்று அங்கே சொல்லி அனுப்பினார்களாம். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் என்னைக் கண்டதும் மூட்டையைக் கீழே வைப்பார்.

"லெட்டர் எதும் வந்துச்சா தம்பி?"

"இல்லண்ணே."

"நல்லதாப் போச்சு லா," என்று இந்த ஊர் இழுப்போடு சொல்வார்.

பொய் சொல்லவேண்டுமென்று சொல்லவில்லை. தபால் பெட்டியிலிருந்து எடுத்ததையெல்லாம், மறக்காமல் இருக்கவேண்டும் என்பதற்காகப் புத்தகத்தில் செருகுவது என் வழக்கம். அந்தப் புத்தகத்தைத்தான் மறுபடி திறக்கவில்லையே. வாராவாரம் அவர் சட்டைக்குள் எலும்பு ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியது. உழைப்பாளி உடம்பு இப்படித்தான் இறுகும் என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன்.

ஏழாவது வாரம் இன்னொரு காக்கி உறை வந்தது. அதன் மேல் சிவப்பில் முத்திரை. அதே போன்ற ஒன்றை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்துக்கொண்டே அலமாரிக்குப் போனேன். நாவலை உதறினேன், முதல் உறை விழுந்தது. கதாநாயகன் இன்னும் சளியோடு அங்கேயே கிடந்தான்.

டாக்சி பிடித்துப் போனேன். அவர் மேல்மாடியில் இருந்தார், அன்று மூட்டை தூக்க முடியவில்லையாம். பால் டின் திறந்திருந்தது. உள்ளே சிவப்பு. கடிதத்தைப் படித்துச் சொன்னேன். அவர் முகத்தில் அதிர்ச்சியே இல்லை. காவலாளி அதே தலையணையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"மெதுவாப் பேசுங்க தம்பி. இங்க யாருக்கும் தெரியவேணாம்."

அப்போது காவலாளி தூக்கத்திலேயே இருமினார். அதே இருமல்.

அன்றே நான் வற்புறுத்திக் கூட்டிப் போன கிளினிக்கில் தாதி தமிழில்தான் கேட்டார். "காசநோய். ஒங்க கூட ஒரே வீட்ல எத்தன பேர் இருக்காங்க?"

அவர் என்னைக் காட்டினார். "இவங்க, இவங்க சம்சாரம், ஆறு மாசப் புள்ள. அவ்வளவுதான்."

காகிதத்தின்படி அது சரி. நானும் தலையாட்டினேன். அடுத்த வாரம் என்னையும் என் மனைவியையும் எக்ஸ்ரே எடுத்தார்கள், குழந்தையின் கையில் ஊசி குத்திப் பார்த்தார்கள். அவரோடு ஒரு வேளைகூடச் சேர்ந்து சாப்பிடாத எங்கள் மூவருக்கும் அரசாங்கம் இவ்வளவு அக்கறை காட்டியது. சேர்ந்து மூச்சுவிட்டவர்களின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

"நமக்கு ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சு. அந்தக் கட்டில்ல படுக்கறவருக்கு?" என்றாள் மனைவி. அவள் நாவல் படிப்பவள் அல்ல.

மறுநாள் தாதியிடம் போய் மேல்மாடியைப் பற்றிச் சொன்னேன். அதிகாரிகள் வந்தார்கள். பதினேழு பேர் வரிசையாகக் கீழே இறங்கினார்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு பெட்டி. மேல்மாடியின் குத்தகைக்காரர் அன்று மாலையே படிக்கட்டில் பூட்டுப் போட்டார். சிலர் கடைகளின் முன்னிருக்கும் அஞ்சடி நடைபாதையில் கயிற்றுக் கட்டில் போட்டுக்கொண்டார்கள், சிலர் எங்கே போனார்களென்று தெரியாது. காவலாளியையும் அவரையும் ஒரே வார்டில் சேர்த்தார்கள். முதன்முறையாக இருவருக்கும் தனித்தனிப் படுக்கை.

மூன்றாவது வாரம் நான் போனபோது காவலாளியின் கட்டிலில் புது விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. ஜன்னல் திறந்திருந்தது.

என் முகவரிக்காரர் மட்டும் பிழைத்துக்கொண்டார். மாத்திரையும் ஊசியுமாகப் பல மாதம் கழித்து, வீடு திரும்பும் நாளில் அவரைப் பார்க்கப் போனேன். வீடு என்று எழுதியிருந்தது என் முகவரியை. எங்கே போவதென்று அவருக்கும் தெரியாது. நல்ல தமிழில் ஒரு மன்னிப்பு தயார் செய்து வைத்திருந்தேன். ஏழு வாரம், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், காவலாளி, என் மனசாட்சி என்று அதில் எல்லாம் இருந்தது. சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"லெட்டர் அன்னிக்கே கையில கெடச்சிருந்தாலும் போயிருக்க மாட்டேன் தம்பி. தெரிஞ்சா படுக்கை போயிடும்ல? வரலன்னு நீங்க சொல்லணும்னுதான் வாராவாரம் கேட்டேன். நீங்க ஒண்ணும் அவ்வளவு பெரிய தப்பெல்லாம் பண்ணிடல, லா."