யசோதினியின் பெயரில் ஒரு பிரசவ விடுப்பு

பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் டெலிபோன் காட் விற்கிற ஒரு கடையின் பின்பக்கத்தில் எனக்கு ஒரு மேசை உண்டு. பிரெஞ்சு தெரியாத சனத்துக்கு மனு எழுதுவதும், வந்த கடிதத்தை வாசித்துச் சொல்வதும் என் பிழைப்பு. பதினெட்டு வருடமாகச் செய்கிறேன். மர்கரீத் அக்காவிடம் போனால் அலுவல் முடியும் என்று சனம் சொல்லும். கோசலைக்கு நான் முடித்துக் கொடுத்த அலுவலை நினைத்தால், என் கையை நானே முறித்துப் போடலாம் போல இருக்கிறது.

கோசலைக்கும் அவள் கணவன் கரிகாலனுக்கும் இந்த நாட்டில் வதிவிட அனுமதி இல்லை. அகதி மனு இரண்டு பேருக்கும் தள்ளுபடி. எங்கள் பக்கத்துப் பகுதியான ஸ்டாலின்கிராட்டில் மூன்று குடும்பம் இருக்கிற வீட்டில் ஓர் அறை எடுத்திருந்தார்கள். கரிகாலன் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினான். கோசலை கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் அறைகள் துப்புரவாக்கினாள்.

அனுமதி இல்லாதவளுக்கு ஹோட்டலில் எப்படி வேலை கிடைத்தது என்று கேட்பீர்கள். எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வழிதான். கரிகாலனின் தமக்கை யசோதினிக்குப் பத்து வருட வதிவிட காட் இருந்தது. அவள் புறநகரில் கணவன் பிரசாந்தனோடும் இரண்டு பெடியன்களோடும் இருந்தாள், வேலைக்குப் போவதில்லை. அந்தக் காட்டைக் கொண்டு கோசலை போனாள். வெள்ளைக்காரனுக்கு எங்கள் முகமெல்லாம் ஒன்று. வேலையிடத்தில் அவள் யசோதினி, சம்பளச் சீட்டிலும் யசோதினி. குடும்பத்துக்குள் சைக்கிள் இரவல் கொடுப்பதுபோலப் பெயரையும் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒருவருக்கும் ஒரு கூச்சமும் இருக்கவில்லை. எனக்கும் இருக்கவில்லை.

நாலு வருடம் அப்படிப் போனது. பிறகு ஒரு சித்திரை மாதம் கோசலை வயிற்றைப் பொத்திக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். மூன்றாம் மாதம். கட்டில் மெத்தையைத் தூக்கி விரிப்பு மாற்றுகையில் இரத்தம் பட்டிருக்கிறது. ஏற்கெனவே அவளுக்கு இரண்டு கலைந்து போயிருந்தன. பாரம் தூக்கினால் இதுவும் நிலைக்காது, படுக்கையில் இரு என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆனால் அவள் படுத்தால் அறை வாடகை எங்கிருந்து வரும்?

அனுமதி இல்லாதவர்களுக்கும் இந்த அரசாங்கம் வைத்தியம் இலவசமாகப் பார்க்கும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேலையை நிறுத்தி வீட்டில் இருக்கிற நாட்களுக்குக் காப்பீடு கொடுக்கிற பணம், சம்பளச் சீட்டில் உள்ள ஆளுக்கு மட்டும்தான். நோய் விடுப்பும் அப்படி, பிரசவ விடுப்பும் அப்படி. நாலு வருடம் முதுகொடியக் கட்டில் இழுத்தவள் கோசலை. ஆனால் கோசலை என்ற ஒருத்தி இந்த நாட்டில் ஒரு மணித்தியாலமும் வேலை செய்யவில்லை.

அப்போதுதான் என் நாசமாய்ப் போன மூளை வேலை செய்தது. யசோதினியின் காப்பீட்டு அட்டையோடு டாக்டரிடம் போ என்றேன். கர்ப்பத்தை அவள் பெயரில் பதி. விடுப்புக் கடிதம் அவள் பெயரில் வரும், பணம் அவள் கணக்குக்கு வரும், வாங்கிக்கொள். மாதம் நெருங்கியதும் யசோதினியின் பிள்ளை கலைந்துபோனது என்று காப்பீட்டுக்கு ஒரு கடிதம் எழுதுவோம். நீ வேறு ஆஸ்பத்திரிக்குப் போய் உன் சொந்தப் பெயரில் பெற்றுக்கொள். வாய் கூசாமல் இவ்வளவும் சொன்னேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சும்மா சொல்லக்கூடாது, யசோதினி மறுக்கவில்லை. தம்பியின் பிள்ளை தங்கினால் போதும் என்று அட்டையை எடுத்துக் கொடுத்தாள். தன் இரண்டு பெடியன்களும் பருத்தித்துறையில் பிறந்த தேதி, நிறை, எத்தனை மணித்தியாலம் வலி கண்டது, எல்லாவற்றையும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். பரீட்சைக்குப் படிப்பதுபோலக் கோசலை அதைப் பாடமாக்கினாள். ஒரு பிள்ளையும் பெறாதவள், மருத்துவச்சிக்கு முன்னால் இரண்டு பிரசவக் கதை சொன்னாள். கடுதாசிப்படி இது மூன்றாவது பிள்ளை, ஆகவே பிரசவ விடுப்பும் கூடுதல் நாள். அதைச் சொல்லி நாங்கள் சிரித்தோம். அந்த நேரம் சிரிப்பு வந்தது, என்ன செய்ய?

பிள்ளை தங்கியது. ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் என்று அவள் படுத்தே கிடந்தாள். முகம் தெளிந்து, கன்னமும் கொஞ்சம் வைத்தது. நான் ஒவ்வொரு கிழமையும் போய்ப் பார்த்தேன். பெட்டைப் பிள்ளை என்று தெரிந்ததும் தயாளினி என்று பெயரும் வைத்துவிட்டாள்.

ஏழாம் மாதம் தொடங்கி நாலாம் நாள், காலை பத்து மணிக்கு, கடையில் சனம் நிற்கையில் அவள் போன் அடித்தாள். பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது. பொம்பியே என்கிற தீயணைப்புப் படையின் அம்புலன்ஸ் அவளை ஏற்றிவிட்டது. வண்டியின் சங்கு ஊதுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, பேர் கேக்கினம். எந்தப் பேரைச் சொல்ல?"

இதற்குத்தான் நான் மறுமொழி சொன்னேன். யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. இரத்த வகை, ஸ்கான், அவள் எடுக்கிற மருந்து, எல்லாம் யசோதினியின் பெயரில் இருந்த கர்ப்பகாலக் கொப்பியில் இருந்தது. கோசலை என்று சொன்னால் டாக்டர்மாரின் கையில் ஒரு வெற்றுத்தாளும் இருக்காது.

"கொப்பியில இருக்கிற பேரைச் சொல்லு பிள்ளை. முதல்ல குழந்தை உயிரோட வரட்டும்."

"ஓம் அக்கா," என்றாள்.

குழந்தை உயிரோடு வந்தது. ஒன்றரைக் கிலோவும் இல்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அதன் கால் பட்டியில் தாயின் பெயர் யசோதினி. ஆஸ்பத்திரி கொடுத்த பிறப்புச் சான்றிலும் யசோதினி. ஐந்து நாளுக்குள் நகரசபையில் பதிய வேண்டும். மணமான பெண் பெற்ற பிள்ளைக்கு அவள் கணவன்தான் தகப்பன் என்று சட்டம். ஆகவே பிரசாந்தன் தன் குடும்பப் பதிவேட்டைக் கொண்டு உள்ளே போனான், பெற்ற தகப்பன் கரிகாலன் வெளியே தெருவில் நின்று சிகரெட் பிடித்தான். நான் அவனோடு நின்றேன்.

இரண்டு மாதத்தால் குழந்தையை வீட்டுக்கு விட்டார்கள். எந்த வீட்டுக்கு? குறைமாதப் பிள்ளையைப் பார்க்கத் தாதி வீடு தேடி வருவாள், கடுதாசியில் உள்ள விலாசத்துக்குத்தான் வருவாள். அதனால் தயாளினி யசோதினியின் வீட்டுக்குப் போனாள். கோசலை தினமும் ரயிலேறிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்தாள். தாதி வருகிற நாளில் யசோதினி பிள்ளையை மடியில் வைத்திருப்பாள், கோசலை குசினி அடுப்படியில் நிற்பாள். விடுப்பு முடிந்ததும் திரும்பவும் யசோதினியாக ஹோட்டலுக்குப் போனாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பிள்ளையைப் பார்க்க முடிந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. தெரிந்த வக்கீலிடம் ஓடினேன். நீதிமன்றம் போனால் திருத்தலாம், இரத்தப் பரிசோதனையே போதும் என்றார். ஆனால் முழுக் கதையும் சொல்ல வேண்டி வரும். யசோதினியின் காட் பறிபோகும், வாங்கிய காப்பீட்டுப் பணமெல்லாம் மோசடியாகும், கோசலையை நாட்டை விட்டே அனுப்பலாம். அதைக் கேட்ட பிறகு கோசலை என்னிடம், "முதல் என்ரை பேரில ஒரு காட் கிடைக்கட்டும் அக்கா, பிறகு கேப்பம்," என்றாள். அவளுக்கு என்மேல் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

போன மாதம் வந்தாள். இந்த நாட்டுக்கு வந்து பத்து வருடம் முடிந்துவிட்டது, அதைக் காட்டி வதிவிட அனுமதிக்கு மனுப் போட வேண்டும். வருடவாரியாகக் கடுதாசிகளை அடுக்கினோம். பிள்ளை பிறந்த வருடத்துக்கு அவள் பெயரில் ஒன்றுமே இல்லை. வாரம் தவறாமல் டாக்டரிடம் போன வருடம் அது. கடைசியில் ஒரு பழைய ரயில் பாஸ் அகப்பட்டது.

தயாளினிக்கு இப்போது இரண்டு வயது. நல்லாய்க் கதைக்கிறாளாம். பெடியன்களைப் பார்த்து அவளும் கோசலையை மாமி என்றுதான் கூப்பிடுகிறாளாம். பேனையை நான் எடுக்கையில் இதைச் சொன்னாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் படிவத்தை நிரப்பினேன். பெயர், பிறந்த ஊர், திருமணமான தேதி. அடுத்த பெட்டியில் பிள்ளைகளின் எண்ணிக்கை கேட்டிருந்தது. அதை அவளுக்கு வாசித்துச் சொல்லாமல் பேனையை நிறுத்தினேன். நான் நிறுத்தியதைப் பார்த்து அவளே எட்டிப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவ்வளவு பிரெஞ்சு அவளுக்கும் தெரியும்.

"இருக்கெண்டால் பிறந்த பத்திரம் கேப்பினம் அக்கா," என்றாள். "இல்லை எண்டு போடுங்கோ."

நான் பூச்சியம் போட்டேன்.